சாம்பிராணி வாசமும் செர்ரிப் பாகும்

பீட்டர்ஸ்பர்க், தவக்காலத்தின் நான்காம் வாரம்

அன்பு மகன் ரோத்யாவுக்கு அம்மாவின் முத்தங்கள். தேநீர் மேசையைச் சுற்றி நான், உன் தங்கை கிளாஷா, பின்னறையில் குடியிருக்கும் நீனா அர்காத்யெவ்னா ஆகிய மூவரும் இருக்கிறோம், ஆண்டவர் அருளால் மூவரும் சுகம், இர்கூட்ஸ்க் குளிரில் உன் நெஞ்சுச் சளி எப்படி என்பதுதான் எனக்குத் தெரியவில்லை, அனுப்பிய கம்பளிக் காலுறையைப் பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொள்.

கிளாஷாவுக்கு ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கல்யாணம் என்று எழுதியிருந்தேன், எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அப்பாவை அடக்கம் செய்த அன்று சவப்பெட்டி அருகே தூபப் புகையில் அவள் மயங்கி விழுந்தாள். அதிலிருந்து சாம்பிராணி வாசம் பட்டாலே கை சில்லிட்டு நெஞ்சு படபடத்துக் கோயிலை விட்டு ஓடிவிடுகிறாள், பிறகு தேநீர் கொதிக்கச் சமோவாரில் எரிக்கும் பைன்காய்ப் புகைக்கும் அப்படியே ஆயிற்று. மாப்பிள்ளை யெஃபீமின் தாய் பெலகேயா மாவுக்கடையில் எல்லார் முன்னாலும், "சாம்பிராணியைக் கண்டா ஓடுறது யாருன்னு ஊருக்கே தெரியும், அதையா நான் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்?" என்றாள், அதோடு விடாமல் வரும்போதெல்லாம் தூபக்கால் கொண்டுவந்து இவளைச் சுற்றிப் புகை போட்டாள், பிள்ளை இன்னும் வெளிறினாள். மணச்சடங்கின் நடுவே ஓடினால் கல்யாணம் அதோடு சரி.

நீனா நாய்களை வைத்து ஆராயும் கூடத்தில் வேலை பார்க்கிறவள் அல்லவா, அவள்தான் விளக்கினாள். இறைச்சியைக் கண்டால் நாய்க்கு எச்சில் ஊறும், அதை யாரும் கற்றுத் தருவதில்லை. வெறும் மணியோசைக்கு ஊறாது, ஆனால் மணியடித்து உடனே இறைச்சி தந்துகொண்டே வந்தால் பிறகு மணிக்கே ஊறும். அடக்கத்தன்றைய வலியும் அப்படித்தான் சாம்பிராணியோடு ஒட்டிக்கொண்டதாம். இறைச்சி தராமல் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் ஒட்டியது தேயும், கிளாஷாவோ ஓடிவிடுகிறாளே, தேய நேரம் ஏது? என் பெண் என்ன நாயா என்று கேட்டுவிட்டேன். "அதுங்களோடவே இருந்து பாருங்க அம்மா, அப்புறம் அது திட்டாத் தெரியாது" என்று சிரித்தாள்.

ஆகவே முதலில் பைன்காய்ப் புகை, பிறகு அடுக்களைக் கோடியில் ஒரு துளிச் சாம்பிராணி, அந்த நேரம் அவள் கையில் அவளுக்குப் பிடித்த செர்ரிப் பாகு, அது தவக்கால நோன்புக்கும் ஆகும். இது பாவமா என்று பாதிரியார் நிகாந்தரைக் கேட்டேன், "கோயிலுக்கு வர்ற வழியில புகைஞ்சா கடவுள் கோவிச்சுக்க மாட்டார், ஜெபத்தைச் சொல்லிட்டுச் சாப்பிடச் சொல்லு" என்றார். வாங்கிய சாம்பிராணியைக் கோயில் செலவில் எழுதுவதா சமையல் செலவில் எழுதுவதா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. சிரித்தபடி சாப்பிட்டவள் இடையில் சளியென்று சில நாள் படுத்து எழுந்ததும் பழைய நடுக்கம் திரும்பியது, நான் அழுதேன், நீனா மட்டும், "விட்டுத் தொட்டா திரும்பும், ஆனா முன்னைவிடக் கம்மியாத்தான்" என்றாள், அப்படியே இருந்தது. ஈஸ்டர் மணி கேட்டதும் எனக்கு வாயூறுவதும் இதே கயிறுதானோ என்று யோசித்தேன், காதுக்கும் வாய்க்கும் நடுவே அதைக் கட்டியவரும் ஆண்டவர்தானே என்று மனம் அமைதியானது.

போன ஞாயிறு அவள் கோயிலில் பாதிப் பூசை நின்றாள். வெளியே வந்து தயங்கித் தயங்கி, "அம்மா, கோவிச்சுக்காதே, புகைகூடத் தாங்குது, பக்கத்துல நீ நிக்கிறப்பதான் அந்த நாள் அப்படியே வருது" என்றாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு புரிந்தது, அன்று பெட்டியருகே நின்ற எல்லார் முகமும் அவளுக்குச் சாம்பிராணிதான், என் முகமும். அப்பாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று நீ எழுதி எழுதி வருந்துகிறாய். அன்று இங்கே இல்லாத முகம் உன்னுடையது ஒன்றுதான் ரோத்யா. கல்யாணத்தன்று நீ வந்து அப்பாவின் இடத்தில் அவள் அருகே நில், நான் பின்னால் தூணோரம் நின்றுகொள்கிறேன்.

ஆண்டவரும் தேவமாதாவும் உன்னைக் காக்கட்டும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. விடுப்புக் கிடைக்குமா, வருவாயா என்று உடனே பதில் எழுது.

உன் அம்மா,
அக்ரிப்பீனா