அரைப்புள்ளியின் காது

4-7-1968, வியாழன்
இன்றும் வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. அண்ணனும் அவர் மனைவி தேனம்மை ஆச்சியும் பிள்ளைகளும் முற்றத்துக்கு அப்பால் இரண்டாம் கட்டில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நான் முகப்பு அறையில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறேன். ஒரே வாசல், ஒரே கிணறு. என் மனைவி நாகம்மை இருந்தவரை நாங்கள் இருவரும் ஒரு புள்ளி, ஒரு முழுக் குடும்பக் கணக்கு. அவள் செத்து மூன்று வருஷம். கோயில் வரியில் நான் இப்போது அரைப்புள்ளி. வீட்டிலும் அந்தக் கணக்குத்தான் போலிருக்கிறது. போகட்டும். நானாகப் போய்க் கேட்க எனக்கென்ன தலையெழுத்து?

5-7-1968
கம்பவுண்டர் இருளாண்டி வாய்க்குள்ளேயே முனகுகிறான். "வாயத் தொறந்து பேசுனா பல்லா கொட்டிரும்?" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டு போனான்.

7-7-1968, ஞாயிறு
மதுரையில் டாக்டர்களுக்கு வகுப்பு ஆரம்பம். காது, மூக்கு, தொண்டை. ஐந்து ஞாயிறு. இருபது வருஷம் வைத்தியம் பார்த்தவனுக்கு இனிமேல் என்ன பாடம்? உண்மையைச் சொன்னால், பேச நாலு பேர் கிடைப்பார்கள் என்றுதான் போனேன்.

காரைக்குடியில் பஸ் ஏறினேன். திருப்பத்தூரில் சிங்கம்புணரி டாக்டர் அழகுசுந்தரம் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். வயலும் உண்டு, வைத்தியமும் உண்டு அவருக்கு. "நாத்து நடுற நேரத்துல மூக்கு நோண்டப் போறீகளாக்கும்னு வீட்ல ஒரே ஏச்சுண்ணே" என்றார். வாய்விட்டுச் சிரித்தேன். பஸ் தடதடவென்று இரைய, மதுரை வரை பேசித் தீர்த்தோம். எத்தனை நாளாயிற்று!

வகுப்பில் புரொபசர் பேசியது சரியாக விளங்கவில்லை. போர்டில் எழுதியதைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

14-7-1968
மத்தியானம் எல்லா டாக்டர்களும் சேர்ந்து சாப்பிட்டோம். அழகுசுந்தரம் ஏதோ கேட்டார். சும்மா சிரித்து வைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பஸ்ஸில்தான் நான் மனுஷனாக இருக்கிறேன்.

17-7-1968
ஆச்சி முற்றத்தைத் தாண்டிப் போனார். என் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

21-7-1968, ஞாயிறு
எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

இன்று, தட்டினால் ரீங்காரமிடும் டியூனிங் போர்க்கை வைத்து இரண்டிரண்டு பேராக ஒருவரை ஒருவர் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். தட்டிக் காதுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். பிறகு காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைக்க வேண்டும். நல்ல காதுக்கு முன்னால் பிடிக்கும்போதுதான் சத்தம் அதிகம். எனக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எலும்பில் வைத்ததும் கணீரென்று கேட்டது. இரண்டு காதிலும் அப்படியே.

"இந்தப் போர்க் சரியில்லை" என்றேன். அழகுசுந்தரம் தன் காதில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "போர்க்கு நல்லாத்தாண்ணே இருக்கு."

புரொபசர் வந்தார். செவிப்பறையில் கோளாறு இல்லை என்றார். இரைச்சலில் நன்றாகக் கேட்கிறதா என்று கேட்டார். பஸ்ஸில் கேட்கிறதே! உள்ளே இருக்கும் சின்ன எலும்பு இறுகிப்போனால் அப்படித்தானாம். இரைச்சலில் மற்றவர்கள் கத்திப் பேசுவார்கள். இரைச்சல் நம்மைத் தொந்தரவு செய்யாது. அத்தனை டாக்டர்களும் என் காதைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். பாடம் படிக்கப் போனவன் பாடமாகிவிட்டேன்.

திரும்பும்போது அழகுசுந்தரம் சொன்னார்: "மெட்ராசுல அந்த எலும்ப எடுத்துட்டுக் கம்பி வைக்கிறாகண்ணே. பயப்படாதீக."

நாற்பத்தாறு வயது. செவிடன். ஐயோ, நாகம்மை கடைசியில் என்னமோ சொன்னாளே... அப்போதே எனக்குக் கேட்கவில்லையா?

22-7-1968
இருளாண்டியைக் கேட்டேன்: "நீ எப்பவும் இப்படித்தான் பேசுவியா?"

"இல்லீங்கய்யா, ரொம்ப நாளா கத்தித்தான் பேசுறேன்."

சாயங்காலம் இரண்டாம் கட்டுக்குப் போனேன். காது கேட்கவில்லை என்று ஆச்சியிடம் சொன்னேன். கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு என் காதருகே வந்து உரக்கச் சொன்னார்: "எத்தன நாளு எலையப் போட்டுட்டு இங்கருந்து கூப்பிட்டுருப்பேன் தம்பி! ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீக. எங்க சோறு உங்களுக்கு ஆகலை போலன்னு உங்க அண்ணன் சொன்னாக. அப்புறந்தான் விட்டுட்டோம்."

"அரைப்புள்ளின்னு ஒதுக்குறீகன்னு நெனச்சேன்."

"அடப் பாவமே! அது கோயில் வரிக்குத்தானே தம்பி. சோத்துக்குமா?"

அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

18-8-1968
தினமும் உள்ளேதான் சாப்பாடு. முதலில் எல்லாரும் காதருகே வந்து கத்துகிறார்கள். கத்திச் சலித்தபின் தங்களுக்குள் பேசிச் சிரிக்கிறார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். தனியாகக் கஞ்சி குடித்தபோதுகூட இவ்வளவு தனியாக இல்லை.

ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன். கெட்டால் அந்தக் காது அடியோடு போய்விடும் என்றும் சொல்கிறார்கள். போனால் போகட்டும்.

6-11-1968, மெட்ராஸ்
நாளை வலது காது. அண்ணன் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். வீறாப்பு. இப்போது பயமாக இருக்கிறது.

7-11-1968
மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள், விழித்தே இருந்தேன். கம்பியை வைத்ததும் தட்டில் கத்தரியைப் போடும் சத்தம் கேட்டது! பிறகு பஞ்சை வைத்து அடைத்துவிட்டார்கள். நிலைக்குமா?

14-11-1968
பஞ்சை எடுத்தார்கள். ஒரே தலைசுற்றல். உள்ளே கொர்ரென்று இரைச்சல், வேறொன்றும் தெளிவாக இல்லை. பொறுத்துப் பார்க்க வேண்டுமாம்.

1-12-1968, ஞாயிறு, காரைக்குடி
மத்தியானம் அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் கட்டிலிருந்து ஆச்சி, கத்தாமல், சாதாரணமாகத்தான் கூப்பிட்டார்: "தம்பி, சாப்பிட வாறீகளா?"

கேட்டுவிட்டது! மறுபடியும் கேட்க ஆசை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு தடவை கூப்பிட்டார்.