சுற்றி வந்த ரீல்

12-6-92, வெள்ளி

நல்ல வெயில். இரண்டு புரொஜெக்டரிலும் கார்பன் எரிந்து கேபின் இட்லிப் பானை. வாங்க: கார்பன் குச்சி, மெஷின் ஆயில், ரெஜினாவுக்குத் தலைவலி மாத்திரை.

படத்துக்கு ஒரே பிரிண்ட், இரண்டு தியேட்டர். ஆவடியில் ஒரு மணிக்கு, இங்கே அம்பத்தூரில் இரண்டரைக்கு. அங்கே ஓடிய ரீல்களை நான்கு நான்காக மொபெட்டில் கொண்டுவருவது என் மச்சான் சேவியர், ரெஜினாவின் தம்பி. இன்று கடைசி நிமிடத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். நல்லவேளை, ஆறாவதும் ஏழாவதும் திரும்பச் சுற்றியே வந்தன. அப்படியே மாட்டிவிட்டேன். ஆவடி ஆபரேட்டர் மகா சோம்பேறி. ஓடி முடிந்த ரீலைத் திரும்பச் சுற்றாமல், கடைசிக் காட்சி வெளியே இருக்க, வால் மேலாக அனுப்புவான். இரண்டு வருடமாகச் சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை போயிற்று. இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது. போன் செய்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்.

14, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால், மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவே பக்கத்து வீட்டு டிவி முன்னால். கேபிளில் நம் படம். வெளியாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. இடைவேளை வரைதான் போட்டார்கள். மீதி அடுத்த ஞாயிறாம்.

ரீல் முடியப்போகிறது என்று தெரிய, படத்தின் மூலையில் ஆபரேட்டர் ஒரு குறி கீறி வைப்பான். எல்லாரும் வட்டம். நான் மட்டும் சிலுவை. டிவியில் வலது மூலையில் என் சிலுவை. நம் பிரிண்டிலிருந்தே யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று எழுந்துவிட்டேன்.

ரெஜினா: "இன்னாத்துக்கு எந்திரிச்சிட்ட? நல்லாத்தானே போய்கினு கீது."

15, திங்கள்

தூறல். மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கேபிளில் போட்ட அந்த கேசட் விநியோகஸ்தர் கைக்குப் போய்விட்டது.

"சிலுவை உன்னுதுதானே? புதன்கிழமை போலீசோட வராங்க. லைசென்ஸ் போறது மட்டுமில்ல, நீயே உள்ள போயிருவ."

பதினேழு வருட வேலை. ஒரு ரீலையும் வெளியே கொடுத்ததில்லை என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குத் திருடன் குரலாகக் கேட்டது.

16, செவ்வாய்

ஆவடிக்கு போன், ஏதாவது துப்பு கிடைக்குமா என்று. எடுத்ததும் ரீல் சுற்றி அனுப்பியதற்கு நன்றி சொன்னேன், மடையன் மாதிரி.

"யாரு, நானா? எனக்கு ஏதுய்யா நேரம்? நான் என்னைக்கு சுத்தினேன்?"

மதியம் வந்த நான்கு ரீலில் ஒன்பதும் பத்தும் சுற்றியிருந்தன. மற்ற இரண்டும் இல்லை. அப்படியென்றால் இந்த இரண்டும் நடுவில் எங்கோ ஒருமுறை ஓடி, கேசட்டில் ஏறி, திரும்பச் சுற்றப்பட்டு வந்திருக்கின்றன. நடுவில் இருப்பது ஒரே ஆள்.

"ஏன்டா லேட்டு?"

"பஞ்சர் மாமா."

என் முகத்தைப் பார்க்கவில்லை. டயரைக் கழற்றி மாட்டிய அடையாளமும் இல்லை. அவனைக் காட்டிக்கொடுத்தால் என் லைசென்ஸ் தப்பும். தாயில்லாத பிள்ளை, ரெஜினா இடுப்பில் தூக்கி வளர்த்தவன். பயமாக இருக்கிறது.

17, புதன்

மழை. குடை மறந்தேன். மூன்று மணிக்கே கேபினில் இன்ஸ்பெக்டரும் விநியோகஸ்தரின் ஆளும். ஆவடிக்காரன் நேற்று நான் பேசியதை உளறிவிட்டிருக்கிறான்.

"ரீல் உங்களுக்கு எப்படி வருது? சுத்தியா, சுத்தாமலா?"

"எப்பவும் சுத்தாமத்தான் சார்."

சேவியர் பெட்டியோடு நனைந்துபோய் வாசலில் நின்றான். ஒன்பதும் பத்தும் வால் மேலாகத்தான் இருந்தன. உயிர் வந்தது. பதினொன்றை எடுத்தால், சுற்றியிருக்கிறது. அதுவும் சுற்றாமல் வந்ததுபோலக் காட்ட, அவர்கள் பார்க்க அதை மறுபடி சுற்றினேன். அவர்கள் கீழே போனதும் சரியாகத் திருப்பிக்கொள்ளலாம் என்று கணக்கு. அவர்கள் நகரவில்லை. பத்தாவது ரீல் முடியப்போகிறது என்று திரையில் சிலுவை வந்தது. பதினொன்றை அப்படியே மாட்டினேன்.

கதாநாயகன் தலைகீழாகப் பின்பக்கம் ஓடினான். விசில், கூச்சல். மெஷினை நிறுத்தினேன். விநியோகஸ்தரின் ஆள் சிரிக்கவில்லை.

"சுத்தி வந்த ரீலை எதுக்குங்க திரும்ப சுத்தினீங்க?"

வாசலிலேயே நின்றிருந்த சேவியர் காலிப் பெட்டியைக் கீழே வைத்தான்.

"லேட்டாச்சின்னா மாமாவத் திட்டுவாங்கோன்னு நான்தான் சார் சுத்திக் குட்த்தேன்."

அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரெஜினா அவனுக்கும் சேர்த்து உலை வைத்திருக்கிறாள். இன்னும் சொல்லவில்லை.