போர்வெல் படத்துக்குச் சத்தம் வந்தது

சவேரியார் கொட்டாய்,
பாப்பாரப்பட்டி வழி.
சனிக்கிழமை, பால் ஊற்றிவிட்டு வந்து எழுதுவது.

அன்பு மகள் பிளசிக்கு உன் சித்தப்பா ஸ்தனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே உன் அம்மா, உன் சின்னம்மா, நான், கறவை இரண்டு, எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக டூட்டிக்குப் போய் வருவாய் என்று நம்புகிறோம். போனில் பேசாமல் சித்தப்பா ஏன் பேப்பரை எடுத்தார் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நடுவில் லைன் போய்விடும், மறுபடி நான் ஆரம்பிக்கும்போது கதை கொஞ்சம் பெருத்துவிடும், அதை நீயே எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாய். இந்தக் கதை பெருக்கக் கூடாது. அதனால்தான் எழுதி, போட்டோ பிடித்து வாட்சப்பில் அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படித்துக்கொள். ஒன்பதாவதோடு நின்றவன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்துத் தருமபுரியில் ஒரு பெரிய ஆபீஸர் இது அச்சடித்ததா என்று கேட்டவர்தான், அதில் உனக்குச் சிரமம் இருக்காது. அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்குத் தேவலை, நீ அனுப்பிய தைலத்தைத் தீர்ந்துவிடும் என்று தேய்க்காமலே வைத்திருக்கிறாள், நீதான் அதட்ட வேண்டும். மா இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது, இந்தச் சுற்று வட்டாரத்தில் நம் தோட்டத்தில் மட்டும்தான் இப்படி என்று பூச்சிமருந்துக் கடைக்காரரே சொல்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன், நான்கு நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உன் பேரில் இருக்கும் உன் அப்பா நிலத்தில் மேற்கு ஓரமாகப் பக்கத்து நிலத்துச் சென்றாயன் போய்வரும் வண்டித்தடம் இருக்கிறதே, அதைப் போன மாதம் நான் அடைத்துவிட்டேன். ஆறு கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தாயிற்று. அவன் மொபெட்டில் சாமந்தி மூட்டை ஏற்றிக்கொண்டு போகும்போது நம் சொட்டுநீர்க் குழாயை இரண்டு தடவை மிதித்து உடைத்தான், கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இப்போது அவன் பூ மூட்டையும் அவன் சம்சாரம் ராமக்காள் பால் கேனும் ஏரிக்கரையைச் சுற்றித்தான் வருகின்றன. பூ மார்க்கெட்டுக்கு அவன் போய்ச் சேர்வதற்குள் விலை இறங்கிவிடுகிறது, ராமக்காள் இரண்டு நாள் சொசைட்டியில் பால் எடுத்து முடித்த பிறகு வந்து கேனைத் திருப்பிக்கொண்டு போனாள் என்று கேள்வி. உன் அப்பா இந்தத் தடத்தைத் தனக்கு வாயால் கொடுத்தார் என்று சென்றாயன் எல்லோரிடமும் சொல்ல, அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை, போர்வெல் போட்ட அன்றைக்கு எடுத்த வீடியோ இருக்கிறது, போட்டுக் காட்டட்டுமா என்று நான் பாப்பாரப்பட்டிச் சந்தையிலேயே நின்று சொல்லிவிட்டேன். போர்வெல் போடும் ரிக் லாரி நம் நிலத்துக்கு ஏரிக்கரை வழியாகத்தான் வந்தது, நான்தான் லாரிக்காரனிடம் பேசி ஓட்டிவரச் செய்தேன், யாருக்கும் எந்த வழியும் நாங்கள் கடன்படவில்லை என்றும் சொன்னேன். இதை நான் பதினைந்து வருஷமாகச் சொல்லி வருகிறேன், சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நடந்ததாக ஆகிவிட்டது.

சிடியைத் தேடி எடுத்தேன். நீ நர்சிங் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர்தான் இருக்கிறதே, அதில் போட்டேன். போன புதன்கிழமை மத்தியஸ்தத்துக்குப் பழைய வார்டு மெம்பர் வெங்கடாசலம், சென்றாயன், இன்னும் நாலைந்து பேர் நம் வீட்டு முன்அறையில் உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டரோடு வந்த பிளேயரில் படம் கண்ணாடி மாதிரி வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தேன், வயரைப் பிடுங்கிச் சொருகினேன், ஒன்றும் இல்லை. கூட்டம் கலைந்துவிடுமே என்று நானே பக்கத்தில் நின்று ஒவ்வொருவர் வாய்க்கும் பேச்சுக் கொடுத்தேன். போர்வெல்லை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த பங்குச் சாமியாருக்கு லத்தீனில்கூட நாலு வரி சொன்னேன், எல்லோரும் அசந்துவிட்டார்கள். உன் அப்பா சென்றாயன் தோளில் கை வைத்து ஏதோ சொல்கிற இடம் வந்தது. இங்கே அண்ணன், தண்ணி வந்துருச்சி, இனிமேல் ஓரடி நிலம்கூட எவனுக்கும் விடறதில்லை என்கிறார் என்று சொன்னேன். சென்றாயன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்:

"எனக்கு வாயசைவு படிக்கத் தெரியாதுங்கண்ணா. சத்தம் வர வெச்சிக் காட்டுங்க. அதுல நீங்க சொல்றாப்ல இருந்துதுன்னா நாங்க காலம் பூரா ஏரிக்கரையிலியே போறம்."

ஞாயிற்றுக்கிழமை, அதாவது நாளைக்கு, பூசை முடிந்து பதினோரு மணிக்கு மறுபடி உட்காருவது என்று வெங்கடாசலம் முடிவு சொன்னார். நாலு நாளில் நான் சத்தத்தை வரவழைக்க வேண்டும். ஸ்தனிஸ்லாஸுக்கு அது ஒரு வேலையா என்று வேறு சொல்லி அனுப்பினேன்.

வேலைதான். பாப்பாரப்பட்டியில் ஜெராக்ஸ் கடையும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கும் முருகேஷிடம் போனில் கேட்டதில், படம் வந்து சத்தம் வராவிட்டால் அந்தப் பிளேயருக்கு அந்தச் சத்தத்தைப் பிரிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம், வேறு பிளேயர் நெட்டில் இறக்கிக்கொள்ளுங்கள் என்றான். செல்போனிலிருந்து வயரில் நெட் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்த பிரவுசர் எந்தப் பக்கத்தையும் திறக்க மாட்டேன் என்கிறது, நீ ரொம்பப் பழசு, புதுசு போட்டுக்கொண்டு வா என்கிறது. புதுசு போடப் போனால், உன் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, போட முடியாது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் முழுக்க நின்றேன். ஏதோ ஒரு பக்கத்தில் பச்சையாகப் பெரிய பட்டன் ஒன்று இருந்தது, அமுக்கினேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மேலே மூன்று பட்டை வந்து உட்கார்ந்துகொண்டது, எங்கே தொட்டாலும் சீட்டாட்ட விளம்பரம், பக்கம் தெரிகிற இடம் இரண்டு விரல் அகலம்தான். நீயும் அங்கே தெரிந்துகொள், பெரிய பச்சைப் பட்டனை ஒருபோதும் அமுக்காதே, உண்மையான பட்டன் எப்போதும் ஓரத்தில் சின்னதாக இருக்கும். அப்புறம் முருகேஷே வந்து பட்டைகளைக் கழற்றிப் போட்டான். இது ஒரு ஜிபி மெஷின், இதற்குத் தெருவில் போகிறதெல்லாம் ஆகாது என்றான். நரி படம் போட்ட பிரவுசரில் இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டருக்கு என்றே ஒன்றை விட்டுவைத்திருக்கிறார்களாம், அதைப் போட்டான், ஒரே ஒரு பக்கம் திறந்து வை, இரண்டாவது திறந்தால் மூச்சு முட்டும் என்றான். திறந்தது. பிளேயருக்கு, ரோட்டில் வேலை நடக்கும் இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் கூம்பு வைப்பார்களே, அந்தப் படம் போட்டது சின்னது, எந்தச் சத்தத்தையும் பிரிக்கும் என்றான். அதில் முப்பத்திரண்டு, அறுபத்துநாலு என்று இரண்டு கணக்கு இருக்கிறது, பெரிசுதான் நல்லது என்று நான் அறுபத்துநாலை இறக்கினேன், ஓடவில்லை. முருகேஷ் கடையைப் பார்க்கப் போய்விட்டான். மறுபடி முப்பத்திரண்டை நானே தனியாக இறக்கிப் போட்டேன், இந்தக் கொட்டாய் ஊரிலேயே வேறு யாரும் செய்திருக்க முடியாது. அது நேற்று மத்தியானம். உன் அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சிடியைத் தள்ளினேன், கூம்பைத் தொட்டேன்.

முதலில் போர்வெல் தண்ணீர் அடிக்கிற சத்தம் வந்தது, அப்புறம் சாமியார் தமிழில் ஜெபம் சொன்னார். அப்புறம் உன் அப்பா குரல். மரிய ஆனந்த் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது பிளசி, அந்தக் குரல் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது, கேட்ட பிறகுதான் மறந்திருந்தது தெரிந்தது. உன் அம்மா கையிலிருந்த புளியைக் கீழே வைக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். உன் அப்பா சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், நாலு தடவை போட்டுக் கேட்டு எழுதியது:

"சென்றாயா, கதிரு புடிச்ச உங் கேவுரு மேல லாரிய ஏத்திதான் எங்களுக்குத் தண்ணி வந்துது. இந்த ஓரத் தடம் உனக்கும் உம் புள்ளைங்களுக்கும் எப்பவும் உண்டு. எழுதிக் குடுன்னாலும் குடுக்கறன்."

எழுத்து எதற்கு, நீங்கள் சொன்னால் போதும் என்று சென்றாயன் சொல்கிறான். அதோடு முடிந்திருந்தால்கூட அண்ணன் ஏதோ சந்தோஷத்தில் சொன்னார் என்று நான் சமாளித்திருப்பேன். ஆனால் அந்த இடத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பச்சைச் சட்டை போட்ட ஒருவன் முன்னால் வருகிறான், மீசையைத் தடவிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சொல்கிறான்:

"நான் சாட்சிடா சென்றாயா. இந்த வழிய எவன் அடைச்சாலும் மொத ஆளா வந்து கல்லப் புடுங்கறவன் நானாத்தான் இருப்பன்."

அந்தப் பச்சைச் சட்டை நான்தான். லாரி ஏரிக்கரை வழியாக வரவே இல்லை, விளைந்து நின்ற கேழ்வரகை மிதித்துக்கொண்டுதான் வந்தது, படத்தின் ஆரம்பத்தில் சக்கரத் தடம்கூடத் தெரிகிறது, புதன்கிழமை நான் பேச்சுக் கொடுத்த வேகத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. உன் அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாள், போட்டேன். மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவை முடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அவரு சொன்னத நான் மறந்துட்டன் தம்பி. நீ சொன்னத நீ மறந்துட்ட. நெனப்புல வெச்சிருந்தவன நாம ஏரிக்கரையில நடக்க வுட்டுட்டம்."

இதற்கு மேல் எழுத ஓடாமல் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், மாடு குடிக்கவில்லை, ஏற்கனவே காட்டியிருக்கிறேன். திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன், அணைத்தேன். இரண்டு பிளேயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, பழையதைத் தொட்டால் சத்தம் வராது, கூம்பைத் தொட்டால் வரும். சத்தம் வந்தது உன் அம்மாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது, முருகேஷுக்குக்கூடச் சொல்லவில்லை. நாளைக்கு நான் பழையதைத் தொட்டு, எவ்வளவோ முயன்றேன், இந்தக் கம்ப்யூட்டருக்கு ஆகவில்லை என்றால் எல்லோரும் நம்புவார்கள், கம்ப்யூட்டர் விஷயத்தில் என் பேச்சுக்கு இங்கே மறுபேச்சு இல்லை. கல்லுக்கால் அப்படியே நிற்கும். ராத்திரி பூராவும் படுக்கையில் இப்படியும் அப்படியும் புரண்டேன், உன் சின்னம்மா என்ன பூச்சியா என்றாள், ஆமாம் என்றேன். உண்மையைச் சொன்னால் நிலத்தைப் பற்றிய பயம் இல்லை பிளசி. அந்தப் பச்சைச் சட்டைக்காரன் மீசையைத் தடவுகிற இடத்தில் அறை முழுக்கச் சிரிக்குமே, அதுதான். உன்னிடம் ஆலோசனை கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு வரும்போதே நீ என்ன சொல்வாய் என்று தெரிந்துவிட்டது, பேனாவை மூடி வைத்துவிட்டுப் போகிறேன்.

சாயங்காலம் நாலரை மணிக்குத் தொடர்கிறேன், இதுவரை வேலை செய்த கை, எழுத்து கோணலாக இருக்கும். கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் முள்கம்பியை அவிழ்த்துச் சுருட்டிவிட்டு ஆறில் நாலு கல்லுக்காலைத் தனி ஆளாகச் சாய்த்துவிட்டேன், இந்த வயதில் வேறு ஒருவன் ஒன்றுகூடச் சாய்க்க மாட்டான், மீதி இரண்டுக்குத் திங்கட்கிழமை டிராக்டர் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது கல்லில் இருக்கும்போது சென்றாயன் ஏரிக்கரை மேல் மொபெட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். சாய்ந்து கிடந்த இரண்டு கல்லைப் பார்த்துவிட்டு, "கல்லு தானா சாஞ்சிருச்சிங்களாண்ணா?" என்றான், வேண்டுமென்றேதான். நான்தான் சாய்த்தேன் என்றேன். அப்படியென்றால் நாளைக்குப் படம் கிடையாதா என்று கேட்டான். "இருக்குது, சத்தத்தோட இருக்குது. வெங்கடாசலத்தயும் ராமக்காளயும் கூட்டிகிட்டு வா, நான் என்னா சொல்லியிருக்கறன்னு எல்லாரும் கேக்கணும்" என்றேன். அவன் உடனே போகவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பச்சைச் சட்டை அவனிடம் வாங்கிப் போட்டுக்கொண்டது என்றும் இன்னும் நான் திருப்பித் தரவில்லை என்றும் சொல்லிவிட்டுத்தான் மொபெட்டை எடுக்கப் போனான். பொய்யாக இருக்கலாம், இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் கதை விடுகிறேன் என்று நினைக்காதே. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பழைய பிளேயரின் படத்தை முன்பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன், நாளைக்கு யார் வந்து தொட்டாலும் கூம்பு மட்டும்தான் இருக்கும்.

நிலம் உன்னுடையது, உன்னைக் கேட்காமல் அடைத்தது என் தப்பு, மன்னித்துவிடு. அப்பா எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னதை எழுதிக் கொடுக்க வேண்டியது இனி நீதான், லீவில் வரும்போது அதற்கு இரண்டு நாள் ஒதுக்கி வா. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், டூட்டியில் எந்நேரமும் நின்றுகொண்டே இருக்காதே, கால் வீங்கும், சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கடைசியாக ஒன்று. உன் அப்பா பேசிய அந்த இடத்தை மட்டும் வெட்டித் தனியாக எடுத்துத் தரச் சொல்லி முருகேஷிடம் திங்கட்கிழமை சிடியைக் கொடுக்கப்போகிறேன், அன்றைக்கே உன் போனுக்கு வந்துவிடும். வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்காதே மகளே, ரூமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு கேள்.

இப்படிக்கு, உன் நலத்தை எந்நேரமும் வேண்டும் சித்தப்பா,
ச. ஸ்தனிஸ்லாஸ்.