மத்துக் கட்டை அடித்த குழாய்

ஐடாவின் அப்பாவுக்கு,

சாவி பக்கத்து வீட்டுப் பழனியம்மாவிடம் இருக்கிறது. வாங்கும்போது மன்னிப்புக் கேளுங்கள். அவர்கள் சுவரும் ஊறிவிட்டது.

நேற்று நீங்கள் குழாயை ரிப்பேர் செய்த லட்சணத்தைச் சமையலறையில் கணுக்கால் தண்ணீரில் நின்று பாருங்கள். “கம்பெனி பிட்டரைக் கூப்பிடுங்க” என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். “நானே பிட்டர். எவனோ வந்து எனக்கு இன்னா காட்டப் போறான்?” என்றீர்கள். சுரங்க வேலையில் ஓட்டைக் குழாயில் மரக்கட்டை அடிப்பீர்கள், சரி. இது வெள்ளைக்காரன் காலத்துக் குழாய், தொட்டாலே உதிர்கிறது. என் மோர் மத்தை அறுத்து அதில் அடித்தீர்கள். அங்கே ஒழுகல் நின்றது. காலையில் நீங்கள் ஷிப்டுக்குப் போனதும் அங்கே அடைபட்ட தண்ணீர் அடுப்புக்குக் கீழே தரையைப் பிளந்து பீறிட்டது. மாவு, விறகு எல்லாம் போச்சு. இப்போது நம் லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் நிறுத்தியாச்சு.

கம்பெனி ஆபீசுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஏனோக் வருவான். ஆமாம், உங்களிடம் வேலை கற்ற அதே ஏனோக்தான். வாய் திறக்காமல் அவனுக்கு விளக்குப் பிடியுங்கள்.

நான் ஆண்டர்சன்பேட்டையில் அக்கா வீட்டில் சமைத்து எடுத்து வருகிறேன். அதுவரை அலமாரி மேல் பன் இருக்கிறது. அறுத்துக்கொண்ட கட்டைவிரலை நனைக்காதீர்கள்.

தொர்க்காள்

பி.கு.: கோபத்தில் அந்த மத்துக் கட்டையைப் பிடுங்கிவிடாதீர்கள். இந்த வீட்டுக் குழாயில் ஒழுகாத இடம் அது ஒன்றுதான்.