விழா மலரின் முதல் பக்கம்

தல்லாகுளம்,
18.8.2025

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? வாடிப்பட்டிக்கு வருகிற நம் பள்ளி வேனில், டிரைவர் பேயாண்டி அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் மாமியார் காரியத்துக்குப் பிறகு நீ ரொம்ப இளைத்துவிட்டாய் என்று அண்ணன் சொன்னார். ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டாயே, இனியாவது நேரத்துக்குச் சாப்பிடு.

வரும் விஜயதசமியோடு பள்ளிக்குப் பதினைந்து வருஷம். விழா மலர் போடுகிறோம். முதல் பக்கத்தில் பள்ளி வரலாற்றை ராகேஷ் இங்கிலீஷில் எழுதியிருக்கிறான். மேடையில் நான்தான் அதை வாசிக்கவேண்டும். அதில் 'இன்செப்ஷன்' என்று ஒரு வார்த்தை வருகிறது. பெற்ற பிள்ளையிடம் அர்த்தம் கேட்க வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் கேட்க எனக்கு எந்தக் காலத்தில் வெட்கம் இருந்தது? எழுதி அனுப்பு.

அன்புடன்,
ஸ்ரீலட்சுமி


வாடிப்பட்டி,
20.8.2025

அன்புள்ள லட்சுமிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாதிக் களைப்பு போய்விட்டது. தாளாளர் அம்மாவுக்கு இன்னும் நான்தான் டியூஷன் எடுக்கவேண்டியிருக்கிறது!

'இன்செப்ஷன்' என்றால் தொடக்கம். ஆனால் எல்லாத் தொடக்கத்துக்கும் அது பொருந்தாது. சமையலை ஆரம்பித்தேன், பஸ் கிளம்பியது என்பதற்கெல்லாம் போட்டால் சிரிப்பார்கள். பள்ளி, சங்கம், திட்டம் மாதிரி நாலு பேர் சேர்ந்து உண்டாக்குகிற ஒன்றுக்குத்தான் போடுவது. முன்னால் 'சின்ஸ்' சேர்த்தால், தொடங்கிய நாள்முதல் இன்றுவரை என்று ஆகிவிடும்.

உதாரணத்துக்கு வேறெங்கும் போகவேண்டாம். 2010 விஜயதசமி, உன் வீட்டு மாடி, பதினொரு பிள்ளைகள். அலங்காநல்லூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் நான் கூட்டிவந்தது ஏழு, உன் சொந்தத்தில் நாலு. தட்டில் அரிசியைப் பரப்பினோம். ராகேஷ் உன்னிடம் வராமல் அடம்பிடித்தான். என் மடியில் உட்காரவைத்து, அவன் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தேன். அதுதான் நம் பள்ளியின் இன்செப்ஷன்.

பேயாண்டி அண்ணன், "டீச்சர், மேடையில அம்புட்டுச் சேர் போடப் போறாகளாம், ஒங்களுக்கும் ஒண்ணு இருக்கும்ல?" என்று கேட்டார். எனக்கு எதற்குச் சேர் என்று சொன்னேன். ஆனால் ஆசை இருக்கத்தான் செய்கிறது, உன்னிடம் மறைப்பானேன்.

அந்தப் பக்கத்தை முழுசாக அனுப்பு, பார்த்துத் தருகிறேன். காலாண்டு விடுமுறை முடிந்ததும் வேலைக்கு வந்துவிடுகிறேன். "எத்தனை வருஷம் ஆனாலும் உன் நாற்காலி உனக்குத்தான்" என்று நீ சொன்னதை நம்பித்தான் இந்த ஆறு வருஷத்தையும் ஓட்டினேன்.

உன்,
ஈஸ்வரி


தல்லாகுளம்,
29.8.2025

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

பக்கத்தை அனுப்பலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எப்படியும் மலர் உன் கைக்கு வந்துசேரும். அதனால் அனுப்புகிறேன்.

பள்ளியைத் தொடங்கியவர்கள் என்று இவர் பெயரும் என் பெயரும்தான் அதில் இருக்கிறது. நான் சொல்லிப் பார்த்தேன். "பேரைப் போட்டா நாளைக்குப் பங்கு கேட்டு வந்து நிப்பாங்க. சம்பளத்துக்கு இருந்தவங்கதான?" என்கிறார். முதல் இரண்டு வருஷம் நீ சம்பளமே வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ராகேஷும் அப்பா பக்கம். நான் என்ன செய்வேன், சொல்.

வேலைக்கு நீ தாராளமாக வரலாம். ஆனால் அக்டோபரில் புதிதாகச் சேர்ந்ததாகத்தான் பதிவு செய்வார்களாம். பழைய வருஷங்களை எழுத்தில் காட்டமுடியாது என்கிறார் இவர். நீ புரிந்துகொள்வாய் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பு. பிரஸ்காரர் அவசரப்படுத்துகிறார்.

அன்புடன்,
ஸ்ரீலட்சுமி


வாடிப்பட்டி,
1.9.2025

திருமதி ஸ்ரீலட்சுமி ஜனகராஜ், தாளாளர் அவர்களுக்கு,

பேயாண்டி அண்ணன் வாசலில் காத்திருக்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நான் யார்? நீ கூட இருந்தவள். "இல்லை, நாங்கள் இரண்டு பேரும்தான் தொடங்கினோம்" என்று வீட்டுக்குள் அழுத்தமாக ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. என்னை இல்லாமல் ஆக்கி எழுதிய பக்கத்தை என்னிடமே திருத்தக் கொடுக்க மட்டும் மனசு வந்திருக்கிறது.

ஒன்பது வருஷம் பாடம் எடுத்த இடத்தில் இன்றைக்குச் சேர்ந்தவளாகக் கையெழுத்துப் போட என்னால் முடியாது. நான் வரமாட்டேன். இனி வேனில் எனக்கு எதுவும் கொடுத்தனுப்பவேண்டாம்.

பக்கத்தை இரண்டு முறை படித்தேன். இங்கிலீஷில் ஒரு பிழையும் இல்லை. அச்சுக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
பாண்டீஸ்வரி