தேன்மொழி பார்க்காத பக்கம்

ஜூன் 9, திங்கள்
எட்டு மணிக்கே ஃபேன் காற்று சுடுகிறது. பால் திரிந்துவிட்டது. டீ இல்லை. துவைத்த துணி தே.யின் நாற்காலியில் குவியலாக. மடிக்கவில்லை.

தே. (என் மனைவி, டைரிக்கு எதற்கு முழுப் பெயர்) ஸ்ரீமுஷ்ணம் போய் இன்றோடு பதினேழு நாள். அம்மா வீடு. எட்டாம் மாதம், பெண் குழந்தை, பிறக்கும்போதே மூச்சில்லை. எழுதிவிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. பேனா வாங்க வேண்டும்.

பீங்கான் கம்பெனி முதலாளி போன். "தம்பி, வெப்சைட்டு சூப்பரு. மாப்பிள்ள போன்ல பாத்தாரு, பளிச்சுனு இருக்குதாம்."
இருக்கும். கோடில் தப்பு கண்டுபிடிக்கிற வேலிடேட்டரில் போட்டால் நாற்பத்தொரு தப்பு.

ஜூன் 10, செவ்வாய்
கரன்ட் இல்லை, பகல் முழுக்க.
எங்கள் பழக்கம் இது: வெப்சைட் பக்கத்தை நான் எழுதுவேன். திறந்த டேக் (கோடில் போடும் குறி) எல்லாம் மூடியிருக்கிறதா, படத்துக்கெல்லாம் விளக்கம் இருக்கிறதா என்று தே. வரிவரியாகப் பார்ப்பாள். ஒரு தப்பும் இல்லை என்றால்தான் கடைசியில், பக்கத்தைப் பார்க்கிறவர் கண்ணில் படாத ஒரு வரி: ‘சரிபார்த்தது: தேன்மொழி’. பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டையைத் தட்டிப் பார்த்து அடியில் தன் நம்பரைக் குத்தும் ஒரு தொழிலாளி அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து தே. பிடித்துக்கொண்ட பழக்கம்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது முதலாளி அவசரப்படுத்தினார். பழைய பக்கம் ஒன்றைக் காப்பி அடித்து, மாற்றி, ஏற்றிவிட்டேன். அவள் பெயரும் கூடவே போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் பார்த்துவிட்டாள்.
"நான் பாக்காததுல என் பேரு எப்படிங்க வந்துது?"
"எவன் பாக்கப் போறான், வுடு."
மறுநாள் காலை பஸ் ஏறினாள். சண்டைகூடப் போடவில்லை.

ஜூன் 11, புதன்
கம்பெனிக்குப் போனேன், படம் எடுக்க. அந்த அம்மா கட்டைகளை ஒன்றோடு ஒன்று தட்டிக்கொண்டிருந்தார். ணங் என்றால் நல்லது. டொக் என்றால் விரிசல், வாளிக்குப் போகும்.
"விரிசல் ஒன்னு தப்பிப் போயிட்டா?"
"போவும் சார். மனுஷங்கதான. தட்டாமயே நம்பரு குத்துனாதான் தப்பு. கொஞ்சம் நகுருங்க, வெளிச்சம் மறைக்குது."
நகர்ந்தேன். மதியம் சாப்பிடவில்லை. பசியும் இல்லை.

ஜூன் 12, வியாழன்
காலை ஆறிலிருந்து உட்கார்ந்தேன்.
– மூடாத டேக் 14
– விளக்கம் இல்லாத படம் 19
– ஒரே அடையாளப் பெயர் இரண்டு இடத்தில், 6
– தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று குறித்தது 1
– தலைப்பில்லாத பக்கம் 1
நாற்பத்தொன்று. இதனால் ஒரு கட்டைகூட அதிகம் விற்காது. பிரவுசர் எல்லாத் தப்பையும் பொறுத்துக்கொண்டு சொல்லாமல் சரிசெய்துவிடுகிறது. தே.யும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

மாலைக்குள் தீர்ந்தது. படங்களுக்கான விளக்கத்தில் இரண்டு மட்டும் திருப்தியில்லை, ‘கட்டை’ என்று மட்டும் எழுதி விட்டிருக்கிறேன். வேலிடேட்டர் ஏற்றுக்கொள்கிறது. அவள் ஏற்கமாட்டாள்.
அவள் பெயர் இருந்த வரியை எடுத்தேன். லிங்க் அனுப்பினேன். "உன் பேரை எடுத்துட்டேன். பாக்காம போட்டது தப்பு."

ஜூன் 13, வெள்ளி
பார்த்துவிட்டாள், நீல டிக். பேனா வாங்கினேன்.

ஜூன் 14, சனி
லேசான தூறல், பத்து நிமிஷம். பிறகு அதே புழுக்கம்.
மூணு மணிக்கு தே.யிடமிருந்து: "ரெண்டு படத்துக்கு வெறும் கட்டைன்னு போட்டிருக்கீங்க. என்னா கட்டை? அத தொடாதீங்க. நாளைக்கு மத்தியான பஸ்ஸுல வரேன். பாத்துட்டு என் பேர நானே போட்டுக்கறேன்."
நாலு தரம் படித்தேன். அழுகை வந்தது, இத்தனை நாள் கழித்து.
நாற்காலியிலிருந்த துணியை மடித்து வைத்தேன்.
நாளைக்கு: பால் இரண்டு பாக்கெட்.