முதுகில் தைத்த பெயர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எப்போதும் நினைப்பு. முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். சில எழுத்து குண்டாகவும் சில எழுத்து நோஞ்சானாகவும் இருக்கும், கோட்டின் மேல் உட்கார் என்றால் கீழே தொங்குகிறது. உன் அம்மா பக்கத்தில் நின்று, ஒரு சட்டை தைக்கிற நேரத்துல ஒரு வரி எழுதறீங்க, இதுக்கு யார் கூலி தருவாங்க என்று கேலி செய்கிறாள். செய்யட்டும். மாலை வகுப்பு டீச்சர் என் நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார், தெரியுமா. இந்த வயதில் நானே பஸ்ஸின் போர்டைப் படித்து ஏறுகிறேன். சும்மா போகிறவர்களிடம்கூட, இது எங்கே போகும் பஸ் என்று அவர்கள் கேட்காமலே சொல்கிறேன். இதுவரை உனக்கு அடுத்தவர் கையால்தான் கடிதம் போட்டேன், இது நானே எழுதும் முதல் கடிதம். சந்தோஷமான சேதியாக எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அப்படி அமையவில்லை அம்மா.

நம் கடையில் இஸ்திரி போடும் மாமாவின் பையன் சேதி உனக்குத் தெரியும். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து ஊரே மின்னல் என்று கூப்பிட்ட பையன், கல்லூரி விடுதியில் கூட இருந்த மாணவனைக் கொன்றுவிட்டான் என்று போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. கோர்ட்டில் விசாரணை இன்னும் தொடங்கவில்லை. போன வருஷம் பிள்ளைகள் வரிசையில் நின்று ஜெர்சி முதுகில் மின்னல் என்று தைத்துக்கொண்டு போனார்கள், அப்போது எனக்கு எழுத்து தெரியாது, காகிதத்தில் வெட்டிக் கொடுத்த வடிவத்தை வைத்துத் தைத்தேன். இப்போது அதே பிள்ளைகள் அதைப் பிரிக்கச் சொல்லி வருகிறார்கள். ஒருவன் மேசைமேல் சட்டையை எறிந்து, சீக்கிரம் பிரிங்க தாத்தா, இதைப் போட்டுக்கிட்டு டீக்கடைக்குக்கூடப் போக முடியல என்றான். எழுத்து இன்னும் பெரிசா வேணும் என்று போன வருஷம் என்னைப் பாடாய்ப் படுத்தியவன் அவன்தான். நூலைப் பிரித்து எடுத்தேன், ஆனால் ஊசித் துளை போகவில்லை, துளைகளே எழுத்தாக நின்றன, யாரும் படிக்கலாம், நானே படித்தேன். பையன் முகத்தைச் சுளித்தான். அப்போது பின்னாலிருந்து மாமா வந்து, குடுங்கண்ணே என்று கையை நீட்டினார். ஈரத்துணி போட்டு, பெட்டியை அழுத்தாமல் ஆவியை மட்டும் காட்டி, விரலால் தடவித் தடவித் துளையை எல்லாம் மூடிவிட்டார். பெற்ற பிள்ளையின் பெயர். பையனுக்கு அவர் யார் என்று தெரியாது, சூப்பர் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு வருகிற சட்டைக்கெல்லாம் அவரேதான் ஆவி காட்டுகிறார். வேண்டாம் தம்பி, நான் பார்த்துக்கிறேன் என்றால், உங்களுக்கு இது வராதுண்ணே என்கிறார்.

பிறகுதான் அது நடந்தது. காலையில் கடைக்குப் போனால் ஷட்டரில் சிவப்புப் பெயின்டில் ஏதோ எழுதியிருந்தது. நான் ஒரு மடையன், எழுத்தைக் கண்ட சந்தோஷத்தில் ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். கொலைகாரன் அப்பன் இங்கே இருக்கிறான் என்று படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்பது உறைத்தது. திரும்பினால் மாமா பின்னால் நிற்கிறார், எல்லாவற்றையும் என் வாயாலேயே கேட்டுவிட்டார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இருவரும் தேய்த்தோம், பாதிதான் போயிற்று. அன்று சாயங்காலம் ஒரு கல் வந்து கண்ணாடி அலமாரியில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை, உன் அம்மாதான் அன்றிலிருந்து கடை வாசலில் ஸ்டூல் போட்டுக் காவல் இருக்கிறாள், கையில் கத்தரிக்கோல் வேறு. சிரிக்காதே, எனக்கு அவளை நினைத்துத்தான் பயம். அவர் இங்கே பின்பக்கம் நின்று வேலை செய்வது வெளியே யாருக்கும் தெரியாதே, எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஒரே குழப்பம். நீ போனில், அவரை அனுப்பிடுங்கப்பா, உங்களுக்கு ஏதாவது ஆயிடும் என்று அழுதாய். நீ பயந்தது சரிதான்.

மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. போன வாரம் அவருடைய போனை என்னிடம் நீட்டி, அண்ணே, உங்களுக்குத்தான் இப்ப படிக்க வருதே, என் பையனைப் பத்தி ஊர்ல என்ன எழுதறாங்கன்னு படிச்சுச் சொல்லுங்க என்றார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. படிக்க உட்கார்ந்தேன். தூக்கில் போடு என்றவர்கள் நிறையப் பேர், அவன் செய்திருக்கவே மாட்டான் என்று சத்தியம் செய்பவர்கள் கொஞ்சம் பேர், இரண்டு பக்கமும் அவனை நேரில் பார்த்ததில்லை. செத்துப்போன பிள்ளையின் பெயரைக்கூட ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. அந்தத் தாயை நினைத்தால் எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. ரொம்ப மோசமானவற்றைத் தாண்டித் தாண்டிப் படித்தேன், மாமா கண்டுபிடித்துவிட்டார், முழுங்காதீங்கண்ணே என்றார். பிறகு அவரே சொன்னார், அவன் செஞ்சிருந்தா அந்த அம்மா கால்ல நானே போய் விழுவேன், செய்யலன்னா யார்கிட்ட போய் நிக்கறதுண்ணே என்று. நேற்று அப்படிப் படித்துக்கொண்டே வந்தபோது உன் படம் வந்தது. பக்கத்தில் நம் கடை போர்டும் இருந்தது, நீ போன தடவை வந்தபோது எடுத்தது.

உன் எழுத்தை நான் படித்தது அதுதான் முதல் தடவை. இந்தப் பையனோட அப்பா எங்க அப்பா கடையிலதான் இஸ்திரி போடறார், எவ்வளவு சாதுவா இருப்பார், யாரையுமே நம்ப முடியல என்று எழுதியிருந்தாய். கீழே யாரோ எந்தக் கடை என்று கேட்க, நீ தெருவையும் சொல்லியிருந்தாய். கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டாய், எல்லாரும் பேசுகிறபோது நாமும் ஒன்று சொல்ல வேண்டும் என்று கை பரபரக்கும், எனக்குப் புரிகிறது, எனக்கே பஸ் போர்டைப் படித்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லையே. ஆனால் அந்தக் கல் நீ சொன்ன வழியில்தான் வந்தது கண்ணு. நான் வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டேன். என்னண்ணே என்றார் மாமா. கண் எரியுது தம்பி, அப்புறம் படிக்கிறேன் என்று பொய் சொன்னேன். இன்று காலை மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி வந்துவிட்டார். தலையைச் சாய்த்துப் பிடித்து அவரே விடுகிறார், நன்றாக இருக்கும் கண்ணில். விட்டுக்கொண்டே, பாப்பா போன் பண்ணுச்சா, இதெல்லாம் கேட்டுப் பயந்திருக்கும், தைரியமா இருக்கச் சொல்லுங்க என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நீ எழுதியது அம்மாவுக்குத் தெரியாது, அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். மாமாவை நான் அனுப்ப மாட்டேன், கோர்ட்டு எப்படிச் சொன்னாலும் அவர் இங்கேதான் இஸ்திரி போடுவார். நீ எழுதியதை அழித்துவிடு, ஆனால் அதோடு விட்டுவிடாதே. அழித்துவிட்டால் நீயும் தப்பித்துவிடுவாய், நானும் ஒன்றுமே இல்லாததுபோல் மிச்சத்தைப் படித்துக்கொண்டிருப்பேன், அவர் மட்டும் நமக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். நீயே அவருக்குப் போன் செய்து சொல். திட்டினால் வாங்கிக்கொள். அவர் திட்ட மாட்டார் என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சொட்டு மருந்து சின்னக் குப்பிதான், தீர்ந்ததும் மறுபடி போனை நீட்டுவார், அப்போது நான் விழுங்காமல் படித்துவிடுவேன். அதற்கு முன் உன் வாயால் கேட்கட்டும்.

இருட்டுவதற்குள் உன் வீட்டுக்குப் போய்விடு, கதவைச் சரியாகப் பூட்டிக்கொள், மாப்பிள்ளையிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல். ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், மனசு நிறைந்து சொல்கிறேன். நீ அவரிடம் பேசினாலும் பேசாவிட்டாலும் அடுத்த வாரம் உனக்கு மறுபடி எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா